பேட்டரி மேல் பழி, கோளாறு கப்ளரில்

தொப்பூர் கணவாயில் இரவு எட்டு மணிக்கு ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்து, அப்புறம் வண்டியே நின்றுபோனது. சீனப் பாகங்களைப் பூட்டி மலிவாக விற்ற 125 சிசி வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்கு முன்பே தர்மபுரியில் இரண்டு தடவை புது பேட்டரி போட்டிருந்தேன். அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மறுநாள் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலும் 12.3 வோல்ட்டைத் தாண்டவில்லை. நன்றாக சார்ஜ் ஆகும் வண்டியில் 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைக் கழற்றி, மீட்டரை ஏசி வோல்ட்டில் (மாறுமின்னழுத்தம்) வைத்து இரண்டிரண்டாக அளந்தேன். மூன்று ஜோடியிலும் ஒரே அளவு. காயில் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஏசி கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது ரெக்டிஃபையர். அதற்குப் போகும் கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டரைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பாகி உருகியிருந்தது. உள்ளே பின் லூஸ், விரலால் தொட்டாலே ஆடியது. லூஸான இடம் சூடாகும், சூடாக ஆக இன்னும் லூஸாகும். மலிவு வண்டியில் காசை மிச்சம் பிடிப்பது இப்படிப்பட்ட பின்னிலும் மெல்லிய ஒயரிலும்தான்.

கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு மூன்று ஒயரையும் நேராக சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டேன். எர்த் ஒயர் சேசிஸில் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு தெரிந்த பிறகு முடுக்கினேன்.

இப்போது 14.2 வோல்ட் காட்டுகிறது.