எக்ஸ் எங்கே குந்தியிருக்கிறது?

காட்பாடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். வகைக்கெழு, அதாவது ஒரு சார்பின் சாய்வைக் கண்டுபிடிக்கும் டிஃபரன்ஷியேஷன் பாடம் தொடங்கினால் போதும், நான் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள் நோட்டுக்கு நோட்டு வந்து நிற்கும். பிளஸ் மைனஸ் மாறுவது, அடைப்புக்குறியை விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அதை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

எதற்கெடுத்தாலும் பவர் ரூல்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ரயிலில் வரும் பெண், 2 பவர் எக்ஸை டிஃபரன்ஷியேட் செய்து "எக்ஸ் இன்டு 2 பவர் (எக்ஸ் மைனஸ் 1)" என்று எழுதியிருந்தாள்.

"ஏம்மா, எக்ஸ் எங்க குந்தினு இருக்குது?"

"மேல சார்."

"எக்ஸ் ஸ்கொயர்ல?"

"கீழ சார்." சொல்லும்போதே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டாள்.

மேலே உள்ள எண்ணை முன்னால் இறக்கி, அடுக்கில் ஒன்றைக் குறைப்பதுதான் பவர் ரூல். எக்ஸ் கீழே, எண் மேலே இருந்தால்தான் அது செல்லும். எண் கீழே, எக்ஸ் மேலே போய்விட்டால் அது அடுக்குக்குறிச் சார்பு. விடை 2 பவர் எக்ஸ் இன்டு லாக் 2 (இங்கே லாக்கின் அடிமானம் ஈ, அதாவது சுமார் 2.718). சந்தேகம் இருந்தால் எக்ஸ் பூஜ்யமாகும் இடத்தில் சோதியுங்கள். அவள் எழுதிய விடைப்படி அங்கே சாய்வு பூஜ்யம். செல்போனில் 2 பவர் 0.001 போட்டால் 1.000693 வருகிறது. 0.001 நகர்ந்ததற்கு 0.000693 ஏறியிருக்கிறது, அதாவது சாய்வு 0.693. லாக் 2-ன் மதிப்பும் அதுதான்.

கீழேயும் எக்ஸ், மேலேயும் எக்ஸ் என்றால்? அங்கேதான் நான் அடிபட்டேன். கல்லூரி முதலாண்டுத் தேர்வில் எக்ஸ் பவர் எக்ஸின் சிறும மதிப்பைக் கேட்டிருந்தார்கள். பவர் ரூல் போட்டேன். சுருக்கினால் மறுபடி எக்ஸ் பவர் எக்ஸே வந்தது. ஈ பவர் எக்ஸ் மாதிரி இதுவும் மாறாமல் வருகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அது எங்கேயும் பூஜ்யமாகாது, ஆகவே சிறும மதிப்பே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முழுக் கணக்கும் போயிற்று. 0.1, 0.5, 1 என்று மூன்றே மதிப்பைப் போட்டிருந்தால் 0.794, 0.707, 1 என வந்திருக்கும். இறங்கி ஏறுகிறது என்று கண்ணுக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கும் அந்த வரியை எந்த நோட்டில் பார்த்தாலும் எனக்குப் பொறுக்காது.

எக்ஸ் பூஜ்யத்தைவிடப் பெரியது என்று எடுத்துக்கொண்டு, எக்ஸ் பவர் எக்ஸை ஒய் என்று வைத்து இருபுறமும் லாக் போடுங்கள். லாக் ஒய் என்பது எக்ஸ் லாக் எக்ஸ் ஆகிவிடும். பெருக்கல் விதியில் வகையிட்டால் விடை: எக்ஸ் பவர் எக்ஸ் இன்டு (1 பிளஸ் லாக் எக்ஸ்). அதை விரித்துப் பாருங்கள். முதல் உறுப்பு, நான் எழுதிய அதே பவர் ரூல் விடை. இரண்டாவது, அடுக்குக்குறி விதி தரும் விடை. எக்ஸ் மாறும் இடம் இரண்டு, அதனால் பங்கும் இரண்டு. நான் பாதியை எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். லாக் எக்ஸ் மைனஸ் 1 ஆகும்போது, அதாவது எக்ஸ் 0.368 அருகே, சாய்வு பூஜ்யம். அங்கே சிறும மதிப்பு 0.692.

லாக் 5எக்ஸ்

வகையிட்டால் விடை 1 பை எக்ஸ். 1 பை 5எக்ஸ் அல்ல. லாக் 5 தனியே பிரிந்து மாறிலியாகப் போய்விடும்.

ஈ பவர் 5

வெறும் எண். வகையிட்டால் பூஜ்யம்.

எந்த லாக்?

நம் கணக்குப் புத்தகத்தில் வகைக்கெழுவோடு வரும் லாக், அடிமானம் ஈ. கெமிஸ்ட்ரியில் பிஹெச் கணக்குக்குப் போடுவது அடிமானம் 10. செல்போனில் 'லாக்' பொத்தானை அழுத்தி 2-க்கு 0.301 வந்தால் அதுவும் அடிமானம் 10தான். மேலே சொன்ன சோதனைக்கு 'எல்என்' பொத்தான் வேண்டும். அடிமானம் 10 லாக்கையே வகையிடச் சொன்னால் 1 பை எக்ஸை 0.4343-ஆல் பெருக்குங்கள்.