“எல்லாம் உங்க நெனப்பு”ன்னு சொல்லி அனுப்புறதுக்கு முன்னாடி

பினாங்குல ஒரு அரசாங்க கிளினிக் ஃபார்மசியில வேலை. காலையில கதவு திறக்குறதுக்கு முன்னாடியே நம்பர் எடுக்க ஆள் நிக்கும், அதுல நம்ம ஆளுங்கதான் நிறைய. வருஷா வருஷம் ட்ரெய்னிங் பிள்ளைங்க வருவாங்க, எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்க, பிளாசிபோ நோசிபோன்னு யூனிவர்சிட்டியில நல்லா படிச்சிட்டுத்தான் வர்றாங்க. ஆனா கவுண்டர்ல உக்காந்த கொஞ்ச நாள்லயே எங்க பேட்ச் மொத்தமும் அந்தக் காலத்துல அடிச்ச அதே கூத்த வரிசையா அடிக்கிறாங்க.

வீட்டுலயும் இதே கதைதான். மகனோ மகளோ ‘மனோசக்தி’ வீடியோ நாலு பாத்துட்டு அம்மாவுக்கு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிடுறாங்க. அதனால ரெண்டு கூட்டத்துக்கும் சேர்த்தே எழுதுறேன். பேரை சரி பார்க்காம மருந்து குடுக்குறது, டோஸை மாத்தி சொல்றது இதையெல்லாம் நான் எழுதப் போறதில்ல, அது தெரியாதவங்க மருந்து பக்கமே வரக்கூடாது.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி: மருந்தே இல்லாத மாத்திரைய சாப்பிட்டும் குணம் தெரியிறது பிளாசிபோ. கெடுதல் வரும்னு எதிர்பார்க்குறதாலயே கெடுதல் வர்றது நோசிபோ.

பக்க விளைவை மூச்சு விடாம வாசிக்கிறது

“தலை சுத்தும், வாந்தி வரும், தசை வலிக்கும், தூக்கம் வராது, ஓகேவா அங்கிள், அடுத்த நம்பர்.” கடமை முடிஞ்சிடுச்சாம்.

2007ல இத்தாலியில இருந்து ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ப்ரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆம்பளைங்களுக்கு ஃபினாஸ்டெரைட் குடுத்தாங்க, பாதி பேர்கிட்ட தாம்பத்தியத்துல பிரச்சனை வரலாம்னு சொல்லிக் குடுத்தாங்க, மிச்ச பேர்கிட்ட அதை சொல்லல. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா சொன்ன பக்கம் 44 சதவீதம் பேருக்கு கிட்ட பிரச்சனை, சொல்லாத பக்கம் 15 சதவீதம். மருந்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

அதுக்காக மறைச்சிடலாமான்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. கூடாது, அது ஏமாத்துறது, பின்னாடி தெரிஞ்சா உங்க பேச்சை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாங்க. சொல்ற விதத்தை மாத்துங்க. “பத்துல ஒருத்தருக்கு கால் வீங்கும்”னு சொல்றதும் “பத்துல ஒன்பது பேருக்கு ஒண்ணும் ஆகாது, உங்களுக்கு வீங்குனா வந்து சொல்லுங்க, வேற மருந்து இருக்கு”ன்னு சொல்றதும் கணக்குக்கு ஒண்ணுதான், கேக்குறவங்களுக்கு ஒண்ணு இல்ல.

“அதெல்லாம் உங்க நெனப்பு அண்ட்டி”

இதுக்குத்தான் எனக்கு இன்னிக்கும் சுர்ருன்னு ஏறும். நோசிபோன்னு ஒண்ணு இருக்குன்னு படிச்சதும் பிள்ளைங்களுக்கு ஒரு புது ஆயுதம் கிடைச்ச சந்தோஷம், யாரு எதை சொன்னாலும் அதை எடுத்து நீட்டிடுறாங்க.

ஜெலுத்தோங் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வருவாங்க, ஃபேக்டரி கேண்டீன்ல நின்னு நின்னு வேலை செய்றவங்க. கொழுப்பு மருந்து ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல, “மிஸ்ஸி, இதை சாப்பிட்டதுல இருந்து தொடை எல்லாம் ஒரே குடைச்சலா இருக்கு”ன்னு கவுண்டர்ல இருந்த பிள்ளைகிட்ட சொல்லியிருக்காங்க. அது சிரிச்ச முகமாத்தான் சொல்லியிருக்கு, “ஆராய்ச்சியில பாத்துட்டாங்க அண்ட்டி, அது மருந்தால இல்ல, உங்க நெனப்புதான், தைரியமா சாப்பிடுங்க.” அந்தம்மாவும் சரிம்மான்னு தலையாட்டிட்டு மருந்தை வாங்கிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் மாசா மாசம் ஒழுங்கா வந்து வாங்குனாங்க, ஒரு அப்பாயிண்ட்மெண்ட்கூட விடல, ஒரு புகார் கிடையாது, ஆனா எல்.டி.எல்ங்கிற கெட்ட கொழுப்பு மட்டும் இறங்கவே இல்ல. டாக்டர் பாத்தாரு, டோஸை டபுள் ஆக்குனாரு, அப்பவும் இறங்கல, கூட இன்னொரு மருந்து சேர்த்தாரு. கடைசியில தீபாவளிக்கு வீடு கழுவும்போது மக அலமாரியை இழுத்தா பெரிய மைலோ டின் நிறைய எங்க கிளினிக் மாத்திரை, ஒரு ஸ்ட்ரிப்கூட பிரிக்கல. இடையில யாரோ ஒரு அக்கா வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் உக்காந்து தொடை வலியை பொறுமையா கேட்டுட்டு ஒரு பாட்டில் ஜூஸை 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) வித்துட்டுப் போயிருக்காங்க, அதை மட்டும் வேளை தவறாம குடிச்சிருக்காங்க. அந்த ஜூஸ் அக்கா செஞ்சது ஒண்ணே ஒண்ணு, வலிக்குதுன்னு சொன்னதை நம்புனாங்க. நாம இலவசமா குடுக்க வேண்டியதை அவங்க காசுக்கு வித்தாங்க.

சரி, அந்தப் பிள்ளை சொன்ன ஆராய்ச்சி என்னன்னு பார்ப்போம், ஏன்னா அதை முழுசா படிச்சிருந்தா இப்படி பேசியிருக்காது. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல செஞ்சது, 2020ல வெளிவந்துச்சு, பேரு சாம்சன். பக்க விளைவு தாங்காம கொழுப்பைக் குறைக்குற ஸ்டேட்டின் மருந்தை நிறுத்துன 60 பேரை எடுத்துக்கிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் 12 மாசத்துக்கு 12 பாட்டில், நாலுல நிஜ ஸ்டேட்டின், நாலுல மருந்தில்லாத மாத்திரை, நாலு காலி. எந்த மாசம் எதுன்னு வரிசை கலைஞ்சிருக்கும், மாத்திரை இருக்குற மாசத்துல அது நிஜமா பொய்யான்னு அவங்களுக்குத் தெரியாது. தினமும் ஃபோன்ல தொந்தரவு எவ்வளவுன்னு நூத்துக்கு மார்க் போடணும். காலி மாசத்துல தொந்தரவு சராசரி 8, பொய் மாத்திரை மாசத்துல 15.4, நிஜ மாத்திரை மாசத்துல 16.3. அதாவது மாத்திரையால ஏறுன தொந்தரவுல 90 சதவீதம் மருந்தே இல்லாத மாத்திரையிலயும் ஏறுச்சு.

பிள்ளைங்க இந்த 90ஐ மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்துடுறாங்க. எட்டு எப்படி பதினஞ்சு ஆச்சுன்னு பார்க்க மாட்டேங்கிறாங்க. அந்த வலி நிஜமாவே ஏறியிருக்கு, அவங்க ஃபோன்ல பொய் மார்க் போடல. நம்பிக்கை உடம்புக்குள்ள இறங்கி வேலை செய்யும்னு 1978லயே ஒரு தடயம் கிடைச்சிடுச்சு: பல் பிடுங்குனவங்களுக்கு பொய் வலி மருந்தால வலி குறைஞ்சப்ப, நலோக்ஸோன் போட்டதும் அந்தக் குறைச்சல் போயிடுச்சு. நலோக்ஸோன் அபினி வகை மருந்தைத் தடுக்குற மருந்து, அப்போ உடம்பே சொந்தமா அந்த மாதிரி ஒண்ணை சுரந்திருக்குன்னு அர்த்தம். அதனால நெனப்புன்னு சொல்றது வேற, சும்மா சொல்றாங்கன்னு சொல்றது வேற. நம்ம அம்மாமார் காதுல ரெண்டாவதுதான் விழும்.

அப்புறம் அந்த ஆராய்ச்சியோட முக்கியமான கடைசிப் பகுதிய யாருமே சொல்றதில்ல. முடிஞ்சதும் ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க சொந்த மார்க்கையே கிராஃபா போட்டுக் காட்டுனாங்க. ஆறு மாசம் கழிச்சு 60 பேர்ல 30 பேர் திரும்ப மருந்து சாப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. லெக்சர் குடுக்கல, திட்டல, அவங்க எழுதுனதை அவங்களுக்கே காட்டுனாங்க, அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு, எல்லாத்தையும் நோசிபோ தலையில கட்டுனா நிஜமான பக்க விளைவு கண்ணுல மாட்டாது. ரத்தக் கொதிப்புக்கு பெரிண்டோப்ரில் சாப்பிடுறவங்களுக்கு வர்ற வறட்டு இருமல் மருந்தாலதான், லோசார்டான் மாதிரி ஒண்ணுக்கு மாத்துனா பெரும்பாலும் கொஞ்ச வாரத்துல நின்னுடும். இன்னொரு ரத்தக் கொதிப்பு மருந்து அம்லோடிபின்ல கணுக்கால் வீங்கும். சர்க்கரை வியாதிக்கு குடுக்குற மெட்ஃபார்மின் வயித்தைக் கலக்கும், சாப்பாட்டோட எடுத்து டோஸை மெதுவா ஏத்துனா நிறைய பேருக்கு அடங்கிடும். ஸ்டேட்டினும் ஒரு சிலருக்கு நிஜமாவே தசையை பாதிக்கும், கடுமையான தசை வலியோட சிறுநீர் கோப்பி ஓ (பால் இல்லாத கறுப்பு காப்பி) கலர்ல போச்சுன்னா அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க.

அப்போ என்னதான் சொல்றது? முதல்ல “எங்க வலிக்குது, எப்ப ஆரம்பிச்சது, மருந்துக்கு முன்னாடி இந்த வலி இருந்துச்சா, அந்த வாரம் வேலை ஜாஸ்தியா”ன்னு கேளுங்க. கேட்டுட்டு எழுதுங்க, அவங்க கண்ணு முன்னாடி எழுதுங்க, பேனா ஓடுறதைப் பாத்தாலே பாதி பேருக்கு முகம் தெளியும். அப்புறம் ஒரு காலண்டரைக் குடுத்து தினமும் வலிக்கு மார்க் போட சொல்லுங்க. மருந்தை கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா, வேற மாத்தலாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும், அந்தக் காலண்டர் இருந்தா அவருக்கும் சுலபம். ஜெலுத்தோங் அம்மாவுக்கு இப்படித்தான் வேற ஸ்டேட்டின் கம்மி டோஸ்ல ஆரம்பிச்சாங்க. தொடை இன்னும் கொஞ்சம் வலிக்குதாம், ஆனா சாப்பிடுறாங்க, டின் காலியாத்தான் இருக்குன்னு மக சொல்லுச்சு.

கிட்னி பயத்தைப் பாத்து சிரிக்கிறது

“இந்த மருந்தெல்லாம் சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?” ஒரு நாள்கூட இந்தக் கேள்வி இல்லாம போகாது. 2019 தேசிய சுகாதார ஆய்வுல மலேசிய பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி), நம்ம இந்தியர்கள்ல மட்டும் எடுத்தா 31.4. அப்படின்னா எல்லார் வீட்டுக்குப் பக்கத்துலயும் பை நிறைய மருந்து சாப்பிட்டு கடைசியில டயாலிசிஸ் போன ஒருத்தர் இருப்பாரு. ரெண்டையும் கண்ணால பாத்தவங்க முடிச்சு போடத்தான் செய்வாங்க, அதுல முட்டாள்தனம் ஒண்ணுமில்ல. கிட்னியைக் கெடுத்தது பல வருஷம் கட்டுப்படாத சீனியும் ரத்தக் கொதிப்பும்னு பொறுமையா சொல்லணும். கூடவே, கடையில கண்டபடி வாங்கி மாசக்கணக்கா முழுங்குற சில வலி மாத்திரை நிஜமாவே கிட்னியை அடிக்கும்னும் சொல்லணும். அதை ஒத்துக்கிட்டாத்தான் மிச்சத்தை நம்புவாங்க.

புற்றுநோய்க்காரங்ககிட்ட “பாசிட்டிவா யோசிங்க”

சொல்லாதீங்க. கட்டி பெருசானா அதுக்கும் தான்தான் காரணம்னு அழுவாங்க.

“நல்லா இருக்குற மாதிரி இருக்கு, நிறுத்திட்டேன்”

2011ல அமெரிக்காவுல ஆஸ்துமாக்காரங்கள வச்சு செஞ்சதை நான் எல்லா பிள்ளைங்களுக்கும் சொல்லுவேன். நிஜ இன்ஹேலர், பொய் இன்ஹேலர், பொய் அக்குபங்சர், ஒண்ணுமே செய்யாம இருக்குறதுன்னு நாலும் மாத்தி மாத்தி. எவ்வளவு தேவலாம்னு கேட்டா முதல் மூணுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில், 50, 45, 46 சதவீதம், சும்மா இருந்ததுக்கு 21. ஊதச் சொல்லி நுரையீரலை அளந்து பாத்தா நிஜ இன்ஹேலர்ல 20 சதவீதம் முன்னேற்றம், மத்த மூணும் 7க்கு பக்கத்துலயே நிக்குது.

பொய் இன்ஹேலர் எடுத்தவங்களுக்கு சுகமா இருந்துச்சு, மூச்சுக்குழாய் மட்டும் சுருங்குனபடியே இருந்துச்சு. வலி, குமட்டல், அசதிக்கெல்லாம் நம்பிக்கை நல்லா கை குடுக்கும், நான் மறுக்கல, ஆனா ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் முக்கால்வாசி நாள் ஒண்ணுமே தெரியாம இருக்குற வியாதி, அங்க “நல்லா இருக்கு”ங்கிறதை வச்சு என்ன முடிவு பண்ண முடியும்? மெஷின்ல போட்டுப் பாருங்க.

மாத்திரை கலர் மாறுனதை சொல்லாம குடுக்குறது

டெண்டர் மாறும், கம்பெனி மாறும், வெள்ளை மாத்திரை ரோஸ் ஆகிடும். 2007, 2008 வாக்குல நியூசிலாந்துல தைராய்டு மாத்திரை மஞ்சள்ல இருந்து வெள்ளையானப்ப உள்ள இருக்குற மருந்து அதேதான், புகார் மட்டும் மலை மாதிரி குவிஞ்சுச்சு. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுக் காட்டிட்டு குடுங்க.

மில்க்ஷேக் கதை

ஒரே 380 கலோரி மில்க்ஷேக்கை 620னு லேபிள் ஒட்டி குடுத்தப்ப பசி ஹார்மோன் நல்லா இறங்குச்சாம், 140னு ஒட்டி குடுத்தப்ப அப்படி இறங்கலயாம், வெறும் 46 பேர். இதைக் கேட்டுட்டு ஒரு அண்ணன் தே தாரிக்கை (பாலும் சீனியும் போட்ட டீ) தே ஓ கோசோங்னு (பாலும் சீனியும் இல்லாத டீ) நெனச்சு குடிச்சா சீனி ஏறாதான்னு கேட்டாரு. ஏறும் அண்ணா.

கால்ல வலி தெரியாததை அருள்னு எடுத்துக்கிறது

தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுறவங்களப் பாத்தா நம்பிக்கை வலியை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கும்னு யாரும் ஆராய்ச்சி பண்ணி சொல்ல வேண்டியதில்ல, அலகு குத்திக்கிட்டு 500க்கு மேல படி ஏறி இறங்கி வர்றாங்க, நானும் கும்புடுறவதான். ஆனா பல வருஷமா இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு பாதத்துல நரம்பு செத்து உணர்ச்சி போயிருக்கலாம், அவங்களுக்கு வெறுங்கால்ல நடந்து வலி தெரியலன்னா அதுக்கு காரணம் வேற. தேருக்கு உடைச்ச தேங்காய் ஓடு ரோடு பூரா கிடக்கும், கிழிச்சது தெரியாமலே வீட்டுக்கு வந்து மூணு நாள் கழிச்சு நாத்தம் வந்த பிறகுதான் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாங்க.

நேர்த்திக்கடனை விடச் சொன்னா யாரும் விட மாட்டாங்க, சொல்லவும் வேணாம், சொன்னா மறுபடியும் மைலோ டின் கதைதான். விரதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க. பாதத்துல நைலான் இழையை வச்சு அழுத்தி உணர்ச்சி இருக்கான்னு பார்ப்பாங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. ஒரு வேளை சாப்பாட்டோட விரதம் இருக்குறவங்களுக்கு சீனியை இறக்குற கிளிக்ளசைட், இன்சுலின் எல்லாம் டாக்டர் மாத்திக் குடுக்கணும், இல்லன்னா சீனி இறங்கி கூட்டத்துக்குள்ள மயங்கி விழுவாங்க. நடந்து முடிச்ச அன்னிக்கு ராத்திரியே வீட்டுல யாராவது டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் பாருங்க, விரல் இடுக்கையும் சேர்த்து. எல்லாம் முடிஞ்சு மறு வாரம் வரலாம்னு இருக்காதீங்க, அந்த வாரம் எங்க ட்ரெஸ்ஸிங் ரூம்ல உக்கார நாற்காலி கிடைக்காது.