பிவட் பேரிங் கழற்ற சுத்தியலை எடுக்காதீர்கள்

ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கில் (முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்) பிவட் பேரிங், அதாவது பின் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் பேரிங், கழற்ற ஒரு நீளமான போல்ட், நட்டு, வாஷர்கள், இரண்டு சாக்கெட் போதும். பேரிங்கைவிடச் சின்ன சாக்கெட் ஒரு பக்கம், பேரிங் முழுசாக உள்ளே இறங்கும் அளவு பெரியது மறுபக்கம் (உதாரணமாக, 6902 என்ற அளவு எண் கொண்ட பேரிங்கின் வெளிவிட்டம் 28 மி.மீ., அதைவிடச் சற்று அகலமான வாய் வேண்டும்). நடுவில் போல்ட்டை விட்டு நட்டை இறுக்குங்கள். பேரிங் உட்கார்ந்திருக்கும் துளையின் ஒரு பக்கம் பேரிங்கைத் தடுக்கும் விளிம்பு இருந்தால், அந்தப் பக்கத்திலிருந்துதான் தள்ள வேண்டும். இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

சுத்தியலால் தட்டினால் பேரிங் கோணலாகி அலுமினியத் துளையைச் சுரண்டும். துளை தளர்ந்தால் புது பேரிங் இறுக்கமாக நிற்காது. போல்ட் நேராகத் தள்ளும். அசைய மறுத்தால் ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்குங்கள்: எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்.

கார்பன் ஃபிரேமில் சூடு காட்டவே கூடாது, கார்பன் இழைகளைப் பிணைக்கும் ரெசின் கெட்டுவிடும். மறுபக்கம் அடைத்த துளையில் இந்த முறை நடக்காது. அதற்கு உள்ளிருந்து பிடித்து இழுக்கும் புல்லர் வேண்டும். கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடாதீர்கள், தள்ளும் விசை உள்ளிருக்கும் குண்டுகள் வழியாகப் போய் அதைச் சேதப்படுத்தியிருக்கும்.