கடவுள் பக்தியால் வீட்டில் சண்டையா? முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

ஒருவர் விடிவதற்கு முன்பே பிரார்த்தனையில் உட்கார்ந்துவிடுகிறார், இன்னொருவருக்கு அதில் ஒட்டுதலே இல்லை. இதற்காகப் பேசாமல் நாட்களைக் கடத்தும் தம்பதிகள் முதலில் செய்ய வேண்டியது ஒரு நோட்டு போடுவது. இரண்டு வாரம், ஒவ்வொரு சண்டையும் எதில் ஆரம்பித்தது என்று ஒரே வரி எழுதுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" என்பதெல்லாம் கணக்கில் சேராது. என்ன கிழமை, எத்தனை மணி, எவ்வளவு பணம், யார் முன்னால், அவ்வளவுதான். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் சண்டையே போட்டிருக்க மாட்டீர்கள். விடுமுறை நாள் காலை, கேட்காமல் கொடுத்த நன்கொடை, விரத நாளில் தள்ளிப்படுத்தது, விருந்தினர் எதிரில் அடித்த கிண்டல் என்று இவைதான் வரிசையாக வரும்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி: இவருக்கு பக்திக்குப் பதிலாக செடி வளர்ப்பதில் இதே வெறி இருந்தால் இந்தச் சண்டை வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது பக்திச் சண்டை இல்லை, சுபாவச் சண்டை. ஒருவர் எதையும் அந்த நிமிடமே பேசித் தீர்க்கத் துடிப்பவர், மற்றவர் குரல் உயர்ந்ததும் வாயை மூடிக்கொள்பவர், இவர் துரத்தத் துரத்த அவர் இன்னும் உள்ளே போவார். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்ன கணக்கில், அவர்களுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் தீராத வகை. எனவே தீர்க்கப் பார்க்காதீர்கள், சூட்டைக் குறையுங்கள். நெஞ்சு படபடக்கும்போது பேச்சை நிறுத்திக் குறைந்தது 20 நிமிடம் விலகி இருங்கள் என்பதும் அவர் சொல்வதுதான். ஆனால் விலகுகிறவர் எப்போது திரும்பி வருவார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் கதவைச் சாத்தினால் மற்றவருக்கு அது தண்டனையாகத்தான் படும்.

மிச்சமிருப்பது உண்மையான நம்பிக்கை வேறுபாடு. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினும், பக்தி உள்ள அவர் மனைவி எம்மாவும். மதத்தைப் பற்றிய உன் சந்தேகங்களை மனைவியிடம் மறைத்து வை என்று டார்வினுக்கு அவருடைய அப்பாவே அறிவுரை சொன்னார். அவர் கேட்கவில்லை, கல்யாணத்துக்கு முன்பே எம்மாவிடம் சொல்லிவிட்டார். 1839 ஜனவரியில் கல்யாணம். கொஞ்ச நாளில் எம்மா ஒரு கடிதம் எழுதினார். அதில் குற்றச்சாட்டு இல்லை, இருவரும் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயம்தான் இருந்தது. டார்வின் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார், பலமுறை அதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று அதிலேயே குறித்தும் வைத்தார். அவர் மனம் மாறவில்லை, எம்மாவும் மாறவில்லை. 1882இல் டார்வின் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

நீங்களும் வாயால் சொல்ல வராததை எழுதிக் கொடுங்கள். "நீ ஏன் வர மாட்டேன் என்கிறாய்" என்று எழுத வேண்டாம், "நான் தனியாகப் போய் உட்காரும்போது எனக்கு என்ன ஆகிறது" என்று எழுதுங்கள். நம்பிக்கை இல்லாதவரும் தன் பயத்தை எழுதலாம், பெரும்பாலும் அது தனக்கு வீட்டில் இரண்டாம் இடம்தான் என்ற பயமாக இருக்கும்.

நடைமுறை ஏற்பாடுகள் அதற்குப் பிறகு. கூட வருவது என்றால் எதுவரை? வாசல்வரையா, உள்ளே வந்து சும்மா உட்காருவதா, சடங்கிலும் கலந்துகொள்வதா? இதை முன்கூட்டியே பேசிவிட்டால் பாதித் தகராறு போகும். நன்கொடைக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதற்குள் கேள்வி இல்லை, மேலே போனால் இருவர் சம்மதமும் வேண்டும். பிள்ளைகளைத் தன் கட்சிக்கு இழுக்காதீர்கள். "இதில் அம்மாவுக்கு நம்பிக்கை உண்டு, எனக்கு இல்லை, நீ யோசித்துக்கொள்" என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும், நாம் நினைப்பதைவிட நன்றாகவே. பக்தி உள்ளவர் ஒன்றை விட வேண்டும்: மற்றவர் திருந்த வேண்டும் என்று அவர் காதில் விழும்படி வேண்டிக்கொள்வது. மற்றவர் விட வேண்டியது கிண்டல், முழுக்க.

அடி, மிரட்டல், வழிபடக் கூடாது என்ற தடை, வழிபட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம், கையில் காசில்லாமல் வைப்பது, இவையெல்லாம் கருத்து வேறுபாட்டில் சேராது. அங்கே நோட்டும் கடிதமும் உதவாது. நம்பகமானவரிடம் சொல்லி வெளியிலிருந்து உதவி பெறுங்கள். மற்றபடி பேச்சு முட்டி நிற்கிறது என்றால் தம்பதிகளுக்கான ஆலோசகரிடம் போகலாம். ஒருவர் மட்டும் ஏற்கும் மதப் பெரியவரை நீதிபதியாக உட்கார வைத்தால் மற்றவர் தீர்ப்புக்கு முன்பே தோற்றுப்போனவராகத்தான் அங்கே இருப்பார்.

யாரும் பேச விரும்பாதது ஒன்று பாக்கி. யார் முதலில் போனாலும் கடைசிச் சடங்கு எந்த முறைப்படி, அல்லது சடங்கே வேண்டாமா? இப்போதே ஆளுக்கொரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.