கிணற்றுக்கு அளவான சூரிய இறைப்பு: ஊர்த் தோட்டத்திலும் மரக்கன்று மேடையிலும் சோலார் பம்ப் பொருத்துதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுகிறது. சனசமூக நிலையக் காணியில் அயலவர்கள் பகிர்ந்து செய்யும் மரக்கறித் தோட்டமும், அதன் ஓரத்தில் வேம்பு, புங்கை, இலுப்பைக் கன்றுகளை வளர்க்கும் மேடையும் கிணற்றையே நம்பி நிற்கின்றன. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு சூரிய மின்சாரத்தை நாடுவோர் கூடியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பனலின் விலையை விசாரிப்பதற்கு முன்னர் கிணற்றை அளக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கப்படும் என்பது பொதுவான கணக்கு. நீர்மட்டம் இறங்கினால் உவர்நீர் அதே விகிதத்தில் மேலேறி வரும். வேகமாக இறைக்கும்போது கிணற்றின் நேர் கீழே இது இன்னும் விரைவாக நிகழ்கிறது. பெரிய மோட்டர் பூட்டிய ஒரு தோட்டத்தில், கோடை முடிவதற்குள் கத்தரி இலைகளின் ஓரம் கருகியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சூரியனால் இயங்கும் சிறிய பம்ப் பகல் முழுவதும் மெதுவாக இறைக்கும். பலர் குறையாகச் சொல்லும் அந்த மெதுவே நமது மண்ணுக்கு அதன் பெரிய நன்மை.

எவ்வளவு தண்ணீர் தேவை என்பதைக் கணக்கிடுவது கடினமல்ல. மரக்கறிக்குக் கோடையில் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் வேண்டும். 2 பரப்பு, அதாவது சுமார் 500 சதுர மீற்றர் தோட்டத்துக்கு 2,500 லீற்றர். பைகளில் நிற்கும் 2,000 கன்றுகளுக்குக் கன்றுக்கு அரை லீற்றராக 1,000 லீற்றர். மொத்தம் 3,500 லீற்றரை 7 மணித்தியாலத்தில் இறைத்தால் மணிக்கு 500 லீற்றர்தான். 1 குதிரைவலு மோட்டர் இதே தண்ணீரை ஒரு மணித்தியாலத்துக்குள் இழுத்து முடித்துவிடும்.

அடுத்து உயரம். கோடையின் கடைசியில் நீர்மட்டம் தரையிலிருந்து 6 மீற்றர் கீழே, தாங்கியின் வாய் 3 மீற்றர் மேலே, குழாயின் உராய்வுக்கு 1 மீற்றர் என வைத்தால் 10 மீற்றர். இவ்வளவு நீரை அவ்வுயரத்துக்குத் தூக்க 95 வாற்று-மணி போதும். சிறிய பம்புகள் பெறும் மின்னில் மூன்றில் ஒரு பங்கையே பயனாக்கும் என்று கொண்டால் 290 வாற்று-மணி ஆகும். நாள் முழுவதும் விழும் வெயில், முழு வலுவான 4 மணித்தியால வெயிலுக்குச் சமம் என்றும், வெப்பம், தூசி, வயர் ஆகியவற்றால் 30 சதவீதம் இழப்பு என்றும் வைத்தாலும் 100 வாற்றுக்குச் சற்று அதிகமான பனல் போதுமானது. முகில் நாட்களையும் பனல் பழசாவதையும் எண்ணி 200 வாற்று வாங்குங்கள். அதற்கு மேல் போவது கிணற்றுக்குச் செய்யும் கேடு.

100 வாற்றுப் பனல்கள் 2ஐத் தொடராக இணைத்து 24 வோல்ற்றுப் பம்பை இயக்குவதே நல்லது. 20 மீற்றர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போட்டால், 24 வோல்ற்றில் இழப்பு 6 சதவீதத்துக்குள் நிற்கும். 12 வோல்ற்றில் ஏறத்தாழ கால் பங்கு வயரிலேயே வீணாகும்.

பனலைத் தெற்கு நோக்கி 10 பாகை சரிவில் வையுங்கள். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நமது உச்சிக்கு மேலேயே நிற்பதால் கூடுதல் சரிவால் பயனில்லை. இந்தச் சிறு சரிவு மழையில் தூசி கழுவப்படுவதற்காகவே. காவோலையும் பனம்பழமும் விழும் எல்லைக்குள் பனல் இருக்கக் கூடாது. கதியால் வேலியும் ஒரே மாரியில் வளர்ந்து நிழல் தரும் என்பதை மறந்துவிட வேண்டாம். பனலின் ஒரு மூலையில் விழும் நிழலும் மின்னைப் பெரிதும் குறைக்கும். கார்த்திகை, மார்கழியில் வரும் புயலுக்குத் தாங்கும்படி தாங்குகால்களைக் கொங்கிறீற்றில் இறுக்கி, உப்புக் காற்றில் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையே பயன்படுத்துங்கள்.

இறைப்புக்குப் பற்றரி வேண்டியதில்லை. தாங்கியில் நிற்கும் தண்ணீரே சேமிப்பு. இரவு விளக்குக்கு மட்டும் சிறிய லித்தியம் பற்றரி ஒன்றைத் தனிப் பனலுடன் வைத்து, அதன் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் பொருத்துங்கள். காற்றாலை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பளையில் நிற்கும் பெரிய காற்றாலைகள் மரங்களுக்கு மேலே உயர்ந்து சீரான காற்றைப் பிடிப்பவை. பனை உயரத்துக்குக் கீழே காற்று குழம்பி வீசுவதால் தோட்டத்துச் சிறு காற்றாலைக்கு நான் பணம் செலவிட மாட்டேன்.

பம்பைக் கிணற்றின் அடியில் இறக்க வேண்டாம். உவர்நீர் கனமானது, அடியில்தான் நிற்கும். மிதவையில் கட்டி, நீர்மட்டத்துக்கு 1 மீற்றர் கீழே தொங்கவிட்டால் எப்போதும் மேல்நீரே வரும். நீர் குறைந்தால் பம்பையும், தாங்கி நிறைந்தால் இறைப்பையும் நிறுத்தும் மிதவை ஆளிகள் இரண்டும் அவசியம். நமது கிணற்று நீரின் சுண்ணாம்பு சொட்டுக்குழாய்த் துளைகளை அடைக்கும். ஆகவே கழற்றிக் கழுவக்கூடிய சொட்டுமுனைகளையே வாங்குங்கள். அதே காரணத்தால் பனலைக் கிணற்று நீரால் கழுவினால் வெள்ளைப் படலம் படியும். அதற்கென ஒரு பீப்பாய் மழைநீர் சேமித்து வையுங்கள்.

வேலை முடிந்த முதல் நாளில், 20 லீற்றர் வாளி நிரம்பும் நேரத்தைக் காலை, நண்பகல், மாலை எனக் குறித்துக்கொள்ளுங்கள். நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மானி ஒன்றையும் வாங்கி, வாரம் ஒருமுறை நீரைச் சோதித்துச் சனசமூக நிலையக் கொப்பியில் எழுதுங்கள். மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் கீழே எப்பயிருக்கும் தடையில்லை. 3ஐத் தாண்டினால் உப்பைத் தாங்காத பயிர்களுக்கு ஆகாது. இலக்கம் வாரத்துக்கு வாரம் ஏறத் தொடங்கினால், மழை பெய்து கிணறு ஊறும்வரை இறைக்கும் நேரத்தைக் குறைத்து, மரக்கறியைக் குறைத்துக் கன்றுகளுக்கு மட்டும் இறையுங்கள்.