பச்சை ஓஎல்இடியில் நின்றொளிரும் அடுக்கை அமைக்கும் முறை

கரிமச் சேர்ம அடுக்குகளில் மின்னோட்டம் பாய்ந்தால் ஒளிரும் டையோடான ஓஎல்இடியில், எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத நேர்மின் இடம்) இணைந்து உருவாகும் எக்சைட்டான்கள் என்ற கிளர்வுற்ற இணைகளில் கால் பங்கே சுழல் (ஸ்பின்) எதிரெதிரான ஒற்றை நிலையில் அமையும். மற்ற முக்கால் பங்கு சுழல் இணையான மும்மை நிலைக்குப் போய், சாதாரண உடனொளிரும் (ஃப்ளோரசன்ட்) சேர்மங்களில் பெரும்பாலும் வெப்பமாக வீணாகிவிடும். இரிடியம், பிளாட்டினம் போன்ற கனமான உலோக அணுவைக் கொண்ட அணைவுச் சேர்மங்களோ மும்மை நிலையிலிருந்தும் ஒளியை உமிழ்கின்றன; இதுவே நின்றொளிர்தல் (பாஸ்பரசன்ஸ்). 1998இல் ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் பிளாட்டினம் போர்ஃபிரினைக் கொண்டு இதைச் செய்து காட்டிய பிறகு, உள் குவாண்டம் திறனை, அதாவது எலக்ட்ரான்–துளை இணைகளில் ஒளியாக மாறும் பங்கை, 100 சதவீதம்வரை உயர்த்தும் வழி திறந்தது.

ஆய்வகத்தில் இத்தகைய பச்சை டையோடைச் செய்பவர், ஒளிரும் சேர்மத்தைவிட அதைத் தாங்கும் பொருளையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். தாங்குபொருளின் மும்மை நிலை ஆற்றல் ஒளிர்பொருளின் ஆற்றலைவிடக் குறைவாக இருந்தால், எக்சைட்டான் தாங்குபொருளுக்கே திரும்பி ஒளியின்றி அழிந்துவிடும். பச்சை இரிடியம் சேர்மத்திற்குச் சிபிபி என்ற கார்பசோல் சேர்மம் போதுமானது. நீலத்திற்கு அது போதாது.

ஐடிஓ (ஒளி ஊடுருவும் மின்கடத்தியான இண்டியம் டின் ஆக்சைடு) பூசிய, நன்கு தூய்மை செய்த கண்ணாடியின்மேல், உயர் வெற்றிடத்தில், துளை கடத்தும் என்பிடி அடுக்கை 40 நானோமீட்டர் தடிமனுக்குப் படியவிடுங்கள். அடுத்து வரும் 20 நானோமீட்டர் ஒளிர் அடுக்கில்தான் பொறுமை தேவை: சிபிபி விநாடிக்கு 1 ஆங்ஸ்ட்ராம் (0.1 நானோமீட்டர்) வேகத்தில் படியும்போதே, இரிடியம் சேர்மம் தனிக் கலத்திலிருந்து ஏறத்தாழ 0.06 ஆங்ஸ்ட்ராம் வேகத்தில் ஆவியாக வேண்டும். இரண்டு கலங்களுக்கும் படியும் வேகத்தைக் காட்டும் தனித்தனிக் குவார்ட்ஸ் அளவிகள் இருப்பது அவசியம். செறிவு சுமார் 6 சதவீதத்தை வெகுவாகத் தாண்டினால், நெருங்கி நிற்கும் மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை மற்றொன்று தணித்துவிடும். அதன்மேல் எக்சைட்டான்களைத் தடுக்கும் பிசிபி 6 நானோமீட்டர், எலக்ட்ரான் கடத்தும் அலுமினியம் குயினோலின் சேர்மம் 20 நானோமீட்டர், இறுதியாக மக்னீசியம்–வெள்ளி எதிர்மின்வாய் என்ற வரிசையில் படியவிட்டு, காற்றும் ஈரமும் புகாதபடி உடனே மூடி ஒட்டுங்கள்.

நிறமாலையில் 510 நானோமீட்டரை ஒட்டிய பச்சை முகடு மட்டுமே தெரிய வேண்டும். 440க்கு அருகே நீலச் சாயல் தென்பட்டால், என்பிடியும் ஒளிர்கிறது என்று கொண்டு, ஒளிர் அடுக்கின் கலப்பைச் சரிபாருங்கள். மின்னோட்டத்தைக் கூட்டும்போது திறன் சரிவது இயல்பே. மும்மை எக்சைட்டான்கள் மைக்ரோவிநாடி அளவுக்கு வாழ்வதால், நெரிசலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.