வேக்சர்ஃபிங்: அலையைத் திரட்டுவதும் விழுந்தவரைப் பத்திரமாக ஏற்றுவதும்

போட் இழுக்கும் கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு அதை விட்டுவிட்டு, போட் எழுப்பும் அலை தள்ளத் தள்ளப் பலகையில் போவதுதான் வேக்சர்ஃபிங். ஆள் போட்டுக்குச் சில அடி பின்னாலேயே இருப்பார். அதனால் அலையைப் பற்றி யோசிக்கும் முன், தண்ணீருக்குள் சுழன்று போட்டைத் தள்ளும் ப்ரொப்பெல்லர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் பின்பக்கம் வெளியே தொங்கும் அவுட்போர்டு போட்டும், ப்ரொப்பெல்லர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெர்ன்டிரைவும் கூடவே கூடாது. ப்ரொப்பெல்லர் போட்டின் அடியில் உள்வாங்கி இருக்கும் இன்போர்டு போட்தான் வேண்டும்.

இடம்: கரையிலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் குறைந்தது 200 அடி தள்ளி, 20 அடிக்கு மேல் ஆழமுள்ள தண்ணீர். இந்தக் கனத்த அலை கரையை அரிக்கும், கட்டிப்போட்ட படகுகளை மோதவைக்கும்.

எடை

இடது காலை முன்னே வைப்பவருக்குப் போட்டின் இடப்பக்க அலை, வலது காலை வைப்பவருக்கு வலப்பக்க அலை. அந்தப் பக்கத்தின் பின்மூலையில், எடைக்காகத் தண்ணீர் ஏற்றும் பேலஸ்ட் தொட்டியை நிரப்புங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; 400 லிட்டர் என்றால் ஐந்தாறு பெரியவர்கள் அந்த மூலையில் உட்கார்ந்தது போல. ஆட்களும் எடைதான், ஒருவர் இடம் மாறினாலே அலை மாறும். ஆட்களும் தண்ணீரும் சேர்ந்து போட்டின் எடை வரம்பைத் தாண்டக் கூடாது.

வேகம்

மணிக்கு 17 கிலோமீட்டரில் தொடங்குங்கள். பெரும்பாலும் 16 முதல் 19க்குள் அலை பிடிபடும். அலை குட்டையாக, நுரைத்துக்கொண்டு வந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது ஒருவரை முன்னால் அனுப்புங்கள். படுத்துக் கிடந்தால் பின்பக்கம் எடை ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

விழுந்த பிறகு

எனக்கு இதுதான் முக்கியம். கலிஃபோர்னியாவில் பின்னால் பார்த்துக்கொள்ள 12 வயதாவது நிரம்பிய ஒருவர் போட்டில் இருக்க வேண்டும், ஆள் தண்ணீரில் இருந்தால் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி தூக்க வேண்டும். சட்டம் கேட்காத ஊரிலும் இரண்டையும் செய்யுங்கள்.

ஆள் விழுந்ததும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான த்ரோட்டிலைப் படாரென்று இழுக்காதீர்கள். பின்னால் வரும் அலை போட்டுக்குள்ளேயே ஏறிவிடும். மெதுவாகக் குறையுங்கள். அவர் கை தூக்கி, நலம் என்று காட்டுகிறாரா பாருங்கள். கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே, தவழும் வேகத்தில் திரும்புங்கள். வேகமாக வட்டமடித்தால் உங்கள் அலையே முன்பக்கம் வழியாக உள்ளே கொட்டும்.

காற்றை எதிர்த்து, ஸ்டியரிங் இருக்கும் பக்கம் அவர் வரும்படி நெருங்குங்கள். ஒரு கணம்கூட அவர் கண்ணிலிருந்து மறையக் கூடாது. ரிவர்ஸ் போடவே வேண்டாம். சில அடி முன்னதாகவே எஞ்சினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது, அதிலும் ப்ரொப்பெல்லர் சுற்றலாம். அப்புறம்தான் அவர் பின்படியைத் தொடலாம். எஞ்சின் ஓடும்போது அந்தப் படியில் யாரும் உட்காரக் கூடாது: புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளை மயக்கிச் சாய்த்துவிடும்.

முதல் நாள் ஆளை இறக்கும் முன், ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தண்ணீரில் வீசி, அதை ஆளாக நினைத்துப் பத்துமுறை போய் எடுத்துப் பாருங்கள்.